சிவப்பு நூல் துணி

கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பில்லியர்ட்ஸ் கூடத்தில் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். கூடத்தின் சொந்தக்காரர் அவருடைய மனைவிக்கு அண்ணன். அவர் வாய் நிறைய "மாப்ள, மாப்ள" என்று அழைக்கப்போய், விளையாட வருகிறவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. பகலில் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பார். மாலையில் கூடத்துக்கு வந்து கல்லாவில் உட்காருவார், ஆள் குறைந்தால் குச்சியை எடுத்துக்கொண்டு ஆட இறங்கிவிடுவார். இதில் எது வேலை, எது விளையாட்டு என்று அவர் மனைவி அவ்வப்போது கேட்பதுண்டு.

ஆட்டத்தில் அவர் கெட்டிக்காரர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளைப் பந்து ஓரத்து ரப்பரோடு ஒட்டி நின்றுவிட்டால் மற்றவர்களுக்கு முகம் வாடிப்போகும். குச்சியின் நுனிக்குப் பந்தின் உச்சந்தலை மட்டும்தான் அகப்படும். மாப்பிள்ளைக்கோ அப்போதுதான் தெம்பு வரும். மேசையின் மரச்சட்டத்தின்மேல் இடது கையைப் பரப்பி, விரலிடுக்கில் குச்சியை ஓட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தட்டு. பந்து குழியில் விழும் சத்தம் கேட்பதற்கு முன்பே கையை ஒரு வீச்சாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிமிர்ந்துவிடுவார். அந்த இழுப்பைப் பார்ப்பதற்காகவே சிலர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்.

மச்சானுக்கு ஆட்டம் அவ்வளவாக வராது. அவருக்கு மேசைதான் எல்லாம். அதிலும் நாலு பக்கமும் ஓடுகிற அந்த மரச்சட்டம். துணி கிழிந்தால் வேறு துணி போடலாம், ரப்பர் செத்தால் வேறு ரப்பர் ஒட்டலாம், மரம் ஒருதரம் கெட்டால் கெட்டதுதான் என்பது அவர் கட்சி. காலையில் கூடத்தைத் திறந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை இழுத்து வெயிலை மறைப்பார். பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்துகொண்டு மேசையோடு மேசையாகக் குனிந்துவிடுவார். யார் வந்தாலும் போனாலும் தலை நிமிராது. சட்டத்தின்மேல் யாராவது டீ கிளாஸை வைத்துவிட்டால் ஒரு சொல் சொல்ல மாட்டார். கிளாஸை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் போவார். வைத்தவருக்கு அதற்குப்பின் அந்த டீ இறங்காது.

மாப்பிள்ளைக்கு இது நல்ல தீனி.

"என்ன மச்சான், குளிப்பாட்டியாச்சா? தலை துவட்டி, பவுடர் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாமா?"

"அனுப்பறப்ப நீங்களே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க மாப்ள. ரோட்டுல வண்டி ஓட்டக் கத்துக்கறவங்க நிறைய பேரு சுத்தறாங்க."

"அது கிடக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பந்து துணி மேலதானே ஓடுது? மரத்து மேலயா ஓடுது?"

"பந்து துணி மேலதான் ஓடுது. ஆளுங்க கை மரத்து மேல இருக்கே."

இப்படியே வருஷங்கள் ஓடின. நிற்க.

மச்சானுக்குக் குடலிறக்கம் என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷனுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு மாடிப்படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, குனியவே கூடாது. ஊர் ஆட்டக்காரர் சங்கம் வருஷப் போட்டியின் கடைசி ஆட்டத்தை எந்தக் கூடத்தில் நடத்துவது என்று முடிவு செய்கிற சமயமும் அதுவாகவே வந்து சேர்ந்தது. அந்த ஆட்டம் தன் மேசையில் நடக்க வேண்டும் என்பது மச்சானுடைய நெடுநாளைய ஆசை. போன வருஷம் விளக்கு சரியில்லை என்று கைவிட்டுப்போனது. அதற்காகவே மேசைக்கு மேலே தொங்கும் விளக்குகள் முழுவதையும் மாற்றியிருந்தார். சங்கச் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை காலை மேசையைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மச்சான் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மாப்பிள்ளையின் கையை எட்டிப் பிடித்தார்.

"மாப்ள, சட்டம்..."

"நான் பாத்துக்கறேன் மச்சான். நீங்க தைரியமாப் போங்க."

"பெட்டி அலமாரிக்கு அடியில இருக்கு..."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

கதவு மூடியதும் மாப்பிள்ளையின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பக்கத்துல அண்ணி நிக்கறாங்க. அவங்களப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? சட்டமாம், பெட்டியாம்!" அண்ணி சிரித்தபடி, "அதுக்கு அடுத்த இடம் எனக்குத்தான், விடு" என்றாள்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் நிஜம். மறுநாள் கூடத்தைத் திறந்து சட்டத்தைப் பார்த்தார். தினமும் கையை வைத்தாலும் அன்றுதான் அதைத் தனியாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். கருஞ்சிவப்பு மரம். நடுநடுவே சிப்பியில் வெட்டிப் பதித்த வெள்ளைப் பொட்டுகள். எங்கும் மங்கலாக, ஒரு பளபளப்பும் இல்லாமல் கிடந்தது. இவ்வளவு துடைத்தும் இவ்வளவுதானா என்று தோன்றியது. கீழே நிறுத்தியிருந்த காருக்குப் போய், டாஷ்போர்டுக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். புதிதாக வண்டி ஓட்ட வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டாஷ்போர்டைத்தான் என்பதால் அந்தக் கலையில் அவருக்கு நல்ல பழக்கம். நாலு பக்கமும் சர்சர்ரென்று அடித்தார். ஒரு பழைய பனியனால் தேய்த்தார். மச்சான் காலை முழுவதும் செய்கிற வேலை ஒரு பாட்டு முடிவதற்குள் முடிந்தது.

அன்று மாலை வந்தவர்கள் அசந்துபோனார்கள். சட்டத்தில் விளக்குகளின் பிம்பம் தெரிந்தது, முகம் தெரிந்தது. "மாப்ள, இதுல தலை வாரிக்கலாம் போல இருக்கே!" என்றார் கொரியர்காரர். தினமும் பொட்டலங்களைக் கொடுத்து முடித்த கையோடு நேரே கூடத்துக்கு வருகிறவர் அவர். மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. அடுத்த நாளே கொரியர்காரர் சட்டத்தில் கையூன்றி அடிக்கப்போக, கை வழுக்கி, குச்சி பந்தின் அடியில் நுழைந்து, வெள்ளைப் பந்து எகிறி மேசையைத் தாண்டிப் படிக்கட்டில் துள்ளித் துள்ளி இறங்கிப்போனது. கீழே கண்ணாடிக் கடை. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றும் உடையவில்லை என்று தெரிந்தபிறகுதான் கொரியர்காரருக்குக் குரல் வந்தது.

"யோவ் மாப்ள! இது டேபிளா, ஐஸ் கட்டியா? அடுத்த ஷாட்டுக்கு நானே வழுக்கிக் கீழ போயிடுவேன் போல. டெலிவரி சார்ஜ் நீதான் தரணும்."

அது மட்டுமில்லை. குச்சி நுனியில் தேய்க்கிற நீலச் சாக்பீஸ் தூள் சட்டத்தில் அப்படியே அப்பிக்கொண்டது. துடைத்தால் போகாமல் நீலச் சேறாக இழுபட்டது. வந்தவர்கள் எல்லோரும் சட்டைக் கையில் நீலத்தோடு வீட்டுக்குப் போனார்கள். ஸ்பிரேயின் சாரல் பச்சைத் துணியின் ஓரத்திலும் படிந்திருந்ததால், ரப்பரை ஒட்டி ஓடிய பந்து அந்த இடம் வந்ததும் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

இதற்கிடையில் மச்சானிடமிருந்து போன்.

"வலி எப்படி இருக்கு மச்சான்?"

"வலி இருக்கட்டும் மாப்ள. சட்டம் எப்படி இருக்கு?"

"சும்மா பளபளன்னு இருக்கு மச்சான்!"

"பளபளன்னா?"

"நல்லா இருக்குன்னு சொல்றேன்."

"அது பளபளன்னு இருக்காதே மாப்ள. அமைதியால்ல இருக்கும்..."

"அமைதியாத்தான் இருக்கு. நீங்க தூங்குங்க." மாப்பிள்ளை அவசரமாகப் போனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. வழுக்குகிற சட்டத்தையும் நீலச் சேற்றையும் பார்த்தால் செயலாளர் குச்சியைத் தொடக்கூட மாட்டார். ஆபரேஷன் மேசைக்குப் போகிற மனிதர் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்தாயிற்று.

அன்று வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டாள். அவள் வீட்டில் வைத்தே துணி தைத்துக் கொடுக்கிறவள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அண்ணன் பெட்டியத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"காருக்குப் போற தூரம் அலமாரிக்குப் போக முடியல!"

சனிக்கிழமை காலையில் இருவருமாகக் கூடத்துக்குப் போனார்கள். அலமாரிக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார்கள். மேலாக ஒரு அகலத் தூரிகை, குதிரை முடி. அதன் ஒரு பக்க மயிர் சாய்வாகத் தேய்ந்திருந்தது. எப்போதும் ஒரே திசையில், துணியை விட்டு வெளிப்பக்கமாகவே தள்ளித் தள்ளித் தேய்ந்த சாய்வு. அதற்குக் கீழே மேசையின் துணியை மறைத்துக்கொள்ள வெட்டிவைத்த நீளமான அட்டைகள். குழி வரும் இடத்தில் வளைவாகக் கத்தரித்திருந்தது. சிப்பிப் பொட்டைச் சுற்றிச் சேரும் அழுக்கை எடுக்க மூங்கில் குச்சி ஒன்று, மரத்தில் கீறல் விழாமலிருக்க நுனியை மழுக்கியது. சோப்புத் தண்ணீருக்கு ஒரு சின்னக் கிண்ணம். மெழுகு டப்பா. பிசுக்கைக் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலின்மேல் மச்சானுடைய கையெழுத்தில் ஒரு ஒட்டு: "துணியில் சொட்டு விடவும். மரத்தில் ஊற்ற வேண்டாம்."

"யாருக்கு எழுதினது இது? அவரைத் தவிர யாரும் திறக்கறதில்லையே."

"உங்களுக்குத்தான். என்னைக்காவது ஒருநாள் திறப்பீங்கன்னு நெனச்சிருப்பாரு."

அடியில் மடித்து அடுக்கிய துணிகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நிற நூலால் தையல் ஓடியிருந்தது. மனைவி அவற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"இதெல்லாம் நான் ஓரம் அடிச்சுக் கொடுத்தது. நீலம் தூசிக்கு, வெள்ளை ஈரத்துக்கு, பச்சை உடனே ஈரத்த ஒத்தி எடுக்க, மஞ்சள் மெழுகுக்கு. ஒண்ணு செய்யற வேலைய இன்னொண்ணு தொடக் கூடாதாம். நான்கூட, 'அண்ணே, என்ன, துணிங்களுக்கு யூனிஃபார்மா'ன்னு கேட்டேன்."

"இந்தச் சிவப்பு?"

அது மற்றவற்றைவிடச் சிறியது, உள்ளங்கை அகலம்தான். நடுவில் நைந்து இழை தெரிந்தது.

"அது எதுக்குன்னு சொல்லவே இல்ல. ஆனா அதத்தான் அடிக்கடி கேப்பாரு. மத்த துணியெல்லாம் வருஷக்கணக்கா வரும், செவப்பு மட்டும் சீக்கிரம் நைஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் புதுசா அடிச்சுக் கொடுப்பேன்."

அவளுக்கு வீட்டில் அவசரத் தையல் இருந்தது. "அண்ணன் செய்யற மாதிரி செய்யுங்க. உங்க மாதிரி செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜன்னல் திரையை இழுத்தார். பச்சைத் துணியின் ஓரத்தில் அட்டைகளைச் செருகினார். அவை மேசைக்கென்றே பிறந்தவைபோல் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. நீல நூல் துணியால் தூசியைத் துடைத்தார். ஒரு பழந்துணியில் டர்பன்டைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மர இழை ஓடும் போக்கிலேயே ஒரு முழ நீளம் தேய்த்தார். நீலச் சேறும் ஸ்பிரேயின் வழவழப்பும் துணியில் கருநீலமாக ஏறின. துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பினார். மறுபடி ஒரு முழம். வெள்ளை நூல் துணியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, சொட்டு விழாதபடி முறுக்கிப் பிழிந்து துடைத்தார். பின்னாலேயே பச்சை நூலால் ஒத்தினார். ஒரு பக்கம் முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. கிளட்சை மிதித்து மிதித்துக் காலுக்குப் பழக்கம் உண்டே தவிர, இப்படிக் குனிந்தே நகர்கிற வேலை இடுப்புக்குப் புதிது.

நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, துடைத்த பக்கம் கண்ணில் பட்டது. வழுக்கல் போன இடத்தில் மரம் உள்ளுக்குள்ளிருந்து வெளிச்சம் காட்டுவதுபோல ஆழமாகத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. இழை தெரிந்தது, இழைக்குள் இழை ஓடுவதும் தெரிந்தது. கையை வைத்தார். கை வழுக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. நம்பிக் கையை ஊன்றலாம் போல இருந்தது. அமைதியாக இருக்கும் என்று மச்சான் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. இத்தனை வருஷம் தான் ஒட்டிய பந்தை அடித்து வாங்கிய கைதட்டலில் பாதி இந்த மரத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பாதிக்கு மேலேயும் இருக்கலாம்.

இரண்டாவது பக்கத்தில், நடுக்குழிக்குப் பக்கத்து மூலைக்கு வந்தபோதுதான் அது நடந்தது. டர்பன்டைன் துணி ஓடிய இடத்தில் கோடுகள் எழும்பின. ஒன்றல்ல, இரண்டல்ல. ஒரு சாண் இடத்துக்குள் பிறை பிறையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் வளைந்த கீறல்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் எழும்பின. துணியில் மண் ஏதாவது இருந்து கீறிவிட்டதோ என்று உதறிப் பார்த்தார். ஒன்றுமில்லை. துணியில் ஒட்டியிருந்தது பழுப்பு மெழுகு. கீறல்களுக்குள் யாரோ மெழுகை அடைத்து வைத்திருக்கிறார்கள். டர்பன்டைன் அதைக் கரைத்து வெளியே எடுத்துவிட்டது.

முதலில் அவருக்குக் கொரியர்காரர்மேல்தான் கோபம் வந்தது. இடுப்பு பெல்ட்டில் சாவிக்கொத்தோடு மேசைமேல் சாய்கிற ஆள். போனைப் போட்டே கேட்டுவிட்டார்.

"ஏன்யா, நடுக்குழி மூலையில சாவியால கோலம் போட்டியா?"

"அந்த மூலையா? அது உன் ஏரியாவாச்சே மாப்ள. ஒட்டிய பந்து வந்தா அங்க நின்னு சீன் போடறது யாரு, நானா? நாங்க அங்கிருந்து அடிச்சா பந்து விழறதே இல்ல, எங்களுக்கு அங்க என்ன வேலை?"

போனைப் பையில் போட்டுவிட்டு மாப்பிள்ளை அந்த மூலையில் நின்றார். குச்சி இல்லாமலே இடது கையைச் சட்டத்தில் பரப்பினார். மூச்சை அடக்கினார். வழக்கமான அதே இழுப்பில், ஆனால் மெள்ள, கையைப் பின்னுக்கு இழுத்தார். மோதிர விரல் பிறைமேல் பிறையாகப் போயிற்று. விரலுக்கு அடியில் மோதிரத்தின் விளிம்பு கோட்டுக்குள் அச்சுப்போல உட்கார்ந்து நகர்ந்தது.

அது கல்யாண மோதிரம். அன்று அதை அவர் விரலில் போட்டது மச்சான்தான்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டியின் ஒரு மூலையில், ஷூ பாலிஷ் என்று அவர் நினைத்திருந்த சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே பழுப்பில் விதவிதமான மெழுகுத் துண்டுகள். சில குழந்தைகள் படம் வரையும் கலர் மெழுகு. இரண்டு மூன்றை உருக்கிக் கலந்து மரத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ஒரு துண்டின் நுனி கோட்டின் அகலத்துக்குச் செதுக்கியிருந்தது. சிவப்பு நூல் துணியை மோந்து பார்த்தார். அதே மெழுகு.

ஆட்டம் நன்றாக நடந்த ராத்திரிகளுக்கு மறுநாள் காலையில் மச்சான் எப்போதும் இந்த மூலையில்தான் குனிந்திருப்பார் என்பது நினைவுக்கு வந்தது. பவுடர் போட்டாச்சா என்று தான் கேட்டபோதெல்லாம் அவர் அடைத்துக்கொண்டிருந்தது தன்னுடைய கோடுகளைத்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒட்டிய பந்து குழியில் விழும்போது முதலில் கைதட்டுகிறவரும் அவர்தான். இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பிலேயே எழுந்து சிவப்பு நூல் துணியைக் கையில் எடுத்தார்.

மெழுகை விரல் சூட்டில் இளக்கி, கோட்டுக்குள் அழுத்தி, பழைய சீட்டு அட்டை ஒன்றின் விளிம்பால் வழித்து, சிவப்பு நூல் துணியால் வட்டமாகத் தேய்த்தார். முதல் கோடு மேடாக நின்றது. சுரண்டிவிட்டு மறுபடி அடைத்தார். பகல் முழுவதும் போய்விட்டது. சிவப்பு நூல் துணி ஏன் சீக்கிரம் நைகிறது என்பதற்கு அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மேசைத் துணியின் ஓரத்தில் ஸ்பிரே படிந்த இடத்தில் முகப் பவுடரைத் தூவி ஊறவிட்டு, தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தார். முழுவதும் போகவில்லை, பாதி போயிற்று. மஞ்சள் நூல் துணியால் மெழுகை நாலு பக்கமும் பூ மாதிரி தடவி முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தைத் திறந்ததும் மோதிரத்தைக் கழற்றி மெழுகு டப்பாவுக்குள் போட்டார். பிறகு நாலு பக்கமும் ஒருமுறை துடைத்தார்.

செயலாளர் தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். விளக்கை அண்ணாந்து பார்த்தார். குழிகளுக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெள்ளைப் பந்தை எடுத்தார். எல்லா இடத்தையும் விட்டுவிட்டு நேரே நடுக்குழி மூலைக்குப் போய், பந்தை ரப்பரோடு ஒட்டி வைத்து, அந்தக் கோடுகளின் மேலேயே கையைப் பரப்பினார். ஒரு தட்டு. பந்து போய் விழுந்தது. செயலாளர் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நீலம் இல்லை, பிசுக்கு இல்லை. மறுபடியும் கையைச் சட்டத்தில் வைத்து, ஒரு குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டே போனார்.

"இத யாரு பாத்துக்கறது?"

"என் மச்சான் சார்."

"அவரு ஆஸ்பத்திரியிலன்னு சொன்னாங்க?"

"வீட்டுக்கு வந்துட்டாரு, படுக்கையில இருக்காரு. நடுவுல நான் கொஞ்சம் கெடுத்துட்டேன். அவரோட துணிங்கள வெச்சுத்தான் திருத்தினேன்."

"எதப் போட்டுக் கெடுத்தீங்க?"

"கார் டாஷ்போர்டு ஸ்பிரே."

செயலாளருக்கு அதுவரை இல்லாத சிரிப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் என் முதல் டேபிளுக்குச் சமையல் எண்ணெய் போட்டேன். எறும்பு வந்துடுச்சு. பந்துக்கும் எறும்புக்கும் மேட்ச்." பிறகு துணி ஓரத்தைக் காட்டினார். "இங்க மட்டும் இன்னும் லேசா வழுக்குது. தினமும் ஆடிட்டே இருங்க, அதுவா சரியாயிடும். கடைசி ஆட்டம் இங்கதான். உங்க மச்சான்கிட்டச் சொல்லுங்க, இவ்வளவு மரியாதையா வெச்சிருக்கிற மரத்த நான் பாத்ததில்லன்னு."

மாப்பிள்ளை நேரே வீட்டுக்குப் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் தலையணைகளில் சாய்ந்திருந்தார். ஸ்பிரே முதல் எறும்பு வரை எல்லாவற்றையும் மாப்பிள்ளை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் மாப்ள, போதும்" என்று கண்ணில் நீர் வரக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டம் நம் மேசையில்தான் என்றபோது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மோதிரம் எங்க?"

அண்ணன் கண் போன இடத்துக்குத் தங்கையின் கண்ணும் போயிற்று.

"என்னம்மா, வீட்ல ஏதாவது சண்டையா?"

"எனக்கே இப்பத்தான் தெரியுது! ஏங்க, மோதிரம் எங்க?"

"சண்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. மெழுகு டப்பாவுல பத்திரமா இருக்கு." மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். "கோடெல்லாம் பாத்தேன் மச்சான். இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மச்சான் பிடிபட்டவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னன்னு சொல்றது? நான் போட்ட மோதிரம். அத நானே கழட்டுங்கன்னா நல்லாவா இருக்கும்? அது ஒரு மாப்பிள்ளைகிட்டச் சொல்ற வார்த்தையா? கையை இழுக்காதீங்கன்னு சொல்லலாம்தான். சொன்னா அந்த அழகே போயிடுமே." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கோடு விழுந்தா அடைக்க மெழுகு இருக்கு மாப்ள. வார்த்தை விழுந்தா நான் எங்க போய் மெழுகு வாங்கறது?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மனைவி விடவில்லை.

"நல்ல ஆளுங்கப்பா ரெண்டு பேரும்! ஒருத்தர் கீறுவாராம், ஒருத்தர் ஒளிஞ்சு ஒளிஞ்சு அடைப்பாராம், நடுவுல நான் எதுக்குன்னே தெரியாம செவப்பு நூல் போட்டு ஓரம் அடிச்சுட்டு இருப்பேனாம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை என்கிட்டச் சொன்னா ஆகாதா?" கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். "விரல நீட்டுங்க."

"எதுக்கு?"

"விரலுக்கு ஒரு உறை தைக்கத்தான். மெத்துனு ஒரு துணியில. மோதிரமும் இருக்கும், மரமும் பிழைக்கும்."

ஒரு மாதம் கழிந்து மச்சான் மாடிப்படியில் மெதுவாக ஏறி வந்த காலையில் மாப்பிள்ளை ஏற்கெனவே திரையை இழுத்துவிட்டு, அட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தார். இடது மோதிர விரலில் பச்சை நிறச் சின்ன உறை. விரலுக்குச் சட்டை போட்டாயிற்று, டவுசர் எப்போது என்று கொரியர்காரர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் நாலு பக்கமும் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். நடுக்குழி மூலையில் கை நின்றது. விளக்குக்கு நேராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு மட்டும் கொஞ்சம் செவப்பா இருக்கு மாப்ள."

"அது நான் முதல்ல அடைச்சது. நிறம் சேரல. சுரண்டிட்டு மாத்திடறேன்." மாப்பிள்ளை சிவப்பு நூல் துணியை எடுக்கப் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"வேணாம், வேணாம். அது அப்படியே இருக்கட்டும்" என்றார் மச்சான். அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார். "நீங்க அந்தப் பக்கம் நீலத்த எடுத்துக்கங்க. நான் இந்தப் பக்கம் வரேன். டாக்டர் குனியலாம்னு சொல்லிட்டாரு."

"முழுசாவா சொன்னாரு?"

"பாதி சொன்னாரு."

"அப்ப உக்காருங்க." மாப்பிள்ளை நாற்காலியை மேசையோரம் இழுத்துப்போட்டு, அவர் கையில் மஞ்சள் நூல் துணியைக் கொடுத்துவிட்டுத் தான் குனிந்தார்.